கடித்தது எது? தடத்தைவிட நேரம் தெளிவாகச் சொல்லும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் குடாநாட்டில் நுளம்புத் தொல்லை குறைவு. வைகாசி முதல் புரட்டாதி வரை கடலிலிருந்து ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்றில் நுளம்பால் நினைத்த பக்கம் பறக்க முடியாது. காற்றுத் தணிந்து ஐப்பசி மழை விழுந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். கண்டல் சேறு, உப்பளத்து ஓர வாய்க்கால், கைவிட்ட இறால் குளம், தென்னந்தோட்டத்தில் மழைநீர் ஏந்திக் கிடக்கும் சிரட்டை, கரையில் கவிழ்க்காமல் விட்ட பழைய வள்ளம் என்று எங்கிருந்தும் கடிக்கிற உயிர்கள் கிளம்பி வரும். "ஏதோ கடிச்சிட்டுது டொக்டர்" என்று வீங்கிய கையை நீட்டுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் அப்போது கூடுதலாக இருப்பார்கள்.

"என்ன கடித்தது?" என்பதே எல்லோருடைய கேள்வியும். வீக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தெரியாது. தோலில் எழும் தடிப்பு பூச்சி போட்ட அடையாளம் அல்ல. பூச்சி உள்ளே விட்டதற்கு நமது உடல் தரும் பதில். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே தடத்தின் உருவத்தைவிட, அது எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, அந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பவைதான் நம்பத்தக்க சாட்சிகள். என்ன செய்யவேண்டும் என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன.

ஒரே நுளம்பு, மூன்று தோல்

உடப்பில் கரைவலை இழுக்கும் காலத்தில் கடற்கரை வாடியொன்றில் மூன்று பேர் ஒரே இரவு படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலமெல்லாம் அந்தக் கரையிலேயே கிடந்த சம்மாட்டியாருக்கு விடிந்து பார்த்தால் உடம்பில் ஒன்றுமில்லை. அவருடைய பேரனுக்குக் கடித்த சில நிமிடங்களில் தடிப்பு எழுந்து, மறுநாள் அதே இடத்தில் கட்டியான பருவும் வந்தது. வெளிநாட்டிலிருந்து முதல்தடவையாக வந்து சில வாரம் ஆன உறவினருக்கு இரவில் எதுவும் தெரியவில்லை. அடுத்த நாள் மாலைதான் கால் முழுக்கச் சிவந்தது. மூவரையும் கடித்தது ஒரே இன நுளம்பாகவே இருக்கலாம்.

இதற்கான விளக்கத்தை இங்கிலாந்துப் பூச்சியியலாளர் கெனத் மெலன்பி 1946 இல் வெளியிட்டார். ஒரு நுளம்பினம் வாழ்நாளில் முதல்முறை கடிக்கும்போது உடலுக்கு அதன் உமிழ்நீர் அறிமுகமில்லை. பதில் எதுவும் எழாது. பல கடிகளுக்குப் பிறகு தாமதமான பரு மட்டும் வரும். இன்னும் கடிபட்டால் உடனடித் தடிப்பும் தாமதப் பருவும் சேர்ந்து வரும். அடுத்த கட்டத்தில் உடனடித் தடிப்பு மட்டும் மிஞ்சும். நீண்ட காலம் தொடர்ந்து கடிபட்டவரிடம் அதுவும் அடங்கிவிடும். சம்மாட்டியாரின் "எனக்கு நுளம்பு கடிக்காது" என்ற பெருமையில் உண்மையில்லை. கடிக்கிறது, அவர் உடல் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டது. தடிப்பு இல்லை என்பதால் கிருமி ஏறவில்லை என்றும் ஆகாது.

அந்தத் தடிப்பு எப்படி உண்டாகிறது? முட்டைக்கு வேண்டிய புரதத்துக்காகப் பெண் நுளம்பு மட்டுமே இரத்தம் குடிக்கிறது. ஒரு குழல் போலத் தெரியும் அதன் வாய்க்குள் ஆறு மெல்லிய ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்று உமிழ்நீரை உள்ளே விடும். இன்னொன்று இரத்தத்தை உறிஞ்சும். உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்களும் நாளங்களை விரிக்கும் பொருட்களும் இருக்கின்றன. அவற்றை அந்நியமென்று இனங்காணும் தோலின் காவல் கலங்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விட, நாளம் கசிந்து தோல் தடிக்கிறது. நரம்பு தூண்டப்பட்டு அரிக்கிறது.

இங்கேதான் முதல் பிரிவு கிடைக்கிறது. நுளம்பு, தெள்ளு, மூட்டைப்பூச்சி, உண்ணி எல்லாம் தெரியாமல் குடித்துவிட்டுப் போக வேண்டியவை. ஆகவே கடிக்கும்போது வலி இல்லை, அல்லது மிகக் குறைவு. அரிப்பு பிறகு வரும். குளவி, தேனீ, எறும்பு, தேள் கொட்டுவது தற்காப்புக்காக; வலிக்க வைப்பதே அவற்றின் நோக்கம். உடனே சுரீர் என்று எரிந்தால் அது நஞ்சு. பிறகு தெரிய வந்தால் அது உமிழ்நீர்.

இடமும் அடுக்கும் ஓரளவு துப்புத் தரும். தெள்ளு பறக்காது, தாவும். ஆடும் நாயும் படுத்த மண்ணிலிருந்து அது எட்டுவது கணுக்காலும் கெண்டைக்காலுமே. மூட்டைப்பூச்சி படுக்கையிலோ நீண்ட பயண பஸ் இருக்கையிலோ இருந்து, உடை மூடாத இடத்தில் வரிசையாக இரண்டு மூன்று கடி வைக்கும். உண்ணி அக்குள், இடுப்பு, காதுமடல் என்று மறைவிடம் தேடிப் பல நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பரு இருந்தால் பூச்சியைத் தேடி மெத்தையைப் புரட்ட வேண்டாம். அது தோலுக்குள் குடையும் சிற்றுண்ணியால் வரும் சிரங்கு. குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் அது விடும்.

முதல் அரை மணி

கொட்டுப்பட்டவர் விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். சிலாபம், மாரவில, ஆனமடுவப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் கொக்கத்தடியால் தேங்காய் பறிக்கும்போது வட்டுக்குள் இருக்கும் குளவிக்கூட்டில் தடி பட்டுவிடுவதுண்டு. வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டையுள்ள பெருங்குளவி கொடுக்கைத் திரும்ப இழுத்துக்கொண்டு பல தடவை கொட்டக்கூடியது. தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. அது நஞ்சுப் பையோடு தோலிலேயே அறுந்து நின்று, தேனீ பறந்த பிறகும் தானாகத் துடித்து நஞ்சை இறக்கும்.

அந்தக் கொடுக்கை நகத்தால் கிள்ளக்கூடாது, அட்டையால் வழித்துத்தான் எடுக்கவேண்டும் என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். 1996 இல் வெளியான ஓர் ஆய்வு, எடுக்கும் முறையால் வீக்கத்தில் வித்தியாசம் இல்லை, தாமதத்தால்தான் உண்டு என்று காட்டியது. அட்டையைத் தேடப் போகும் சில வினாடிகளில் நஞ்சின் பெரும்பங்கு இறங்கிவிடும். கையில் அகப்பட்டபடி உடனே பிடுங்குங்கள். அறுந்த கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனையுள்ள ஒரு வேதிப்பொருள் காற்றில் பரவும். அது மற்றத் தேனீக்களை அதே ஆளிடம் அழைக்கும். ஆகவே முதலில் ஓட்டம், மூடிய வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ. களப்புக்குள் குதித்து மூழ்குவது உதவாது. மூச்செடுக்கத் தலை வெளியே வரும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொட்டிய இடம் எவ்வளவு வீங்கினாலும், அந்த இடத்தோடு நின்றால் பயமில்லை. பயப்பட வேண்டியது உடல் முழுவதும் பதில் சொல்லத் தொடங்கும்போது. கையில் கொட்டியிருக்க வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு எழுவது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கரகரப்பது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றி விழுவது ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். பெரும்பாலும் அரை மணிக்குள் தொடங்கிவிடும். ஒரேயொரு எறும்பாலும் இது நேரலாம்: செந்நிற நடுவுடலும் கறுத்த தலையும் பின்புறமும் கொண்டு மரப்பட்டையில் ஓடும் மெல்லிய நீண்ட எறும்பு கொட்டி ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் இலங்கை மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

இதற்கு உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஏற்றுவார்கள். வீட்டிலிருக்கும் பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையும் விழுந்த இரத்த அழுத்தத்தையும் சரிசெய்யாது. குளிசை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து. 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து, ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணித்தியாலம் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்; அடங்கிய ஒவ்வாமை மறுபடி எழுவதுண்டு.

பல பத்துக் கொட்டுகள் பட்டவர் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் போகவேண்டும். நஞ்சின் மொத்த அளவே தசையையும் சிவப்பணுக்களையும் உடைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும். தேயிலைச் சாயம் போலச் சிறுநீர் கறுப்பது அதன் அடையாளம். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் ஒன்றானாலும் உடனே போகவேண்டும்.

எட்டுக்கால் உயிர்கள் பூச்சி இனமல்ல என்றாலும் கடிபட்டவருக்கு அந்த வகைப்பாடு முக்கியமில்லை. வடமேற்கின் தென்னை மரப் பொந்துகளில் வாழும் புலிமுகச் சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிக்கலாம். இந்தியச் செந்தேள் இலங்கையில் இருப்பது 2013 இல் யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முதலாகப் பதிவானது. தேள் கொட்டியவருக்கு வலியோடு வியர்வை கொட்டி, கைகால் குளிர்ந்து, நெஞ்சு படபடத்தால் நஞ்சு இதயத்தைத் தொட்டிருக்கிறது; தாமதிக்க நேரமில்லை.

முதல் இரண்டு நாள்

கடிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது, அரிப்புக்குக் கலமைன் பூசுவது, வேண்டுமானால் ஒவ்வாமைக் குளிசை. மீன் வாடிகளில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் பெட்டியில் கிடந்ததைக் காயத்தில் அப்படியே வைக்காமல் உறையிலிட்டு வைத்தால் போதும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர் பூசுவதெல்லாம் கடியை ஆற்றுவதில்லை. தோலை எரித்து இரண்டாவது காயத்தை உண்டாக்கும்.

முருங்கையில் அப்பியிருக்கும் மயிர்க்கொட்டி பட்டால் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் மயிர் முறிந்து உள்ளே ஏறும். ஒட்டும் ரேப்பை அந்த இடத்தில் அழுத்தி உரித்தெடுத்தால் மயிர்கள் அதோடு வந்துவிடும், பிறகு கழுவலாம். உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சியால் சுடாமல், எண்ணெய் விடாமல், சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். சுட்டால் அது தன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். பிள்ளையின் காதுக்குள் உண்ணி ஏறியிருந்தால் வீட்டில் தோண்ட வேண்டாம். அது வைத்தியரின் வேலை.

மறுநாள் காலை கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடு இழுத்ததுபோல எரிகாயம் தோன்றி, நீர்க்கொப்புளமும் வைத்தால் பலர் சிலந்தி மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம், கடிக்கவே கடிக்காத ஒரு வண்டு. செம்மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, ஒரு சென்ரிமீற்றர்கூட நீளமில்லாமல், பார்த்தால் எறும்பென்றே தோன்றும். வயல் பூச்சிகளைத் தின்று வாழும் அது மழைக்குப் பின் இரவு வெளிச்சத்துக்கு வரும். அதன் இரத்தத்தில் பெடரின் என்ற நச்சு உண்டு. தோலில் ஊர்ந்ததைத் தட்டி நசுக்கினால் அந்த நச்சு பூசப்பட்டு, ஒரு நாள் கழித்துத் தோல் வெந்துபோகும். முழங்கை மடிப்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராகப் புண் வருவது, மடக்கியபோது நச்சு எதிர்ப்பக்கம் ஒட்டியதால். ஊதி விடுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தப் புண் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

வீக்கத்தைக் கண்டதும் "சீழ் வைக்கப் போகுது" என்று நுண்ணுயிர்க்கொல்லி கேட்பது நமது வழக்கம். முதல் இரு நாள் வீக்கமும் சிவப்பும் சூடும் பெரும்பாலும் ஒவ்வாமையே, பற்றீரியா அல்ல. சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்து அரிப்புக் குறைந்து வலி கூடி, சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தொற்று. நீரிழிவுள்ளவர்கள் அந்த இரண்டு நாளும் காத்திருக்கக்கூடாது.

ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தால்

கடித்த தடம் மறைந்தபிறகு தொடங்குவதுதான் பெரிய கதை. டெங்கு பரப்பும் நுளம்பின் கடி மற்றக் கடியைப் போன்றதே. காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 440 பேர் இறந்தார்கள்.

டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும், உப்புத்தண்ணீர்க் கரைக்கு அந்தப் பயமில்லை என்பது பழைய நம்பிக்கை. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் ரஞ்சன் இராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. கைவிட்ட வள்ளங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் வீசியெறிந்த பிளாஸ்ரிக் ஏனங்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. கடல்நீரின் உப்பில் இது ஏறத்தாழ அரைவாசி. களப்போரம் வாழும் எவருக்கும் இது பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது வீட்டு வாளியைக் கவிழ்த்தால் போதாது; கரையிலுள்ள வள்ளத்தையும் கவிழ்க்கவேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று எழுந்து நடப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டெங்கின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது.

பற்றைக் காடு வழியே போய்வந்தவருக்கு ஒன்று இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்கவேண்டும். அக்குளிலோ அரையிலோ வலிக்காத ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும் அது, பற்றை உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணிக் குடம்பி கடித்த இடம். வலியும் அரிப்பும் இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்து ஓரிரு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும்.

மாதக்கணக்கில் ஆறாத புண்

அரிக்காத, வலிக்காத ஒரு பரு வாரங்கள் மாதங்களாகப் பெருத்து, நடுவில் குழிந்து புண்ணாகி, எந்தக் களிம்புக்கும் ஆறாமல் நின்றால் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை நினைக்கவேண்டும். இலங்கை மண்ணிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் தெற்கில் பதிவானார். 2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். இன்று புத்தளத்தை ஒட்டிய அனுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் ஏராளம். பரப்புவது மணல் ஈ. நுளம்பைவிடச் சிறியது, இரைச்சல் இல்லாதது, உட்காரும்போது இறக்கையை உயர்த்தி வைத்திருக்கும். பெயரைப் பார்த்துக் கடற்கரை மணலைச் சந்தேகிக்க வேண்டாம். புற்று, மரப்பொந்து, மாட்டுக் கொட்டில் மண் ஆகியவையே அதன் இருப்பிடம். கண்டல் ஓரத்தில் அந்தி நேரத்தில் மொய்த்துப் பிடுங்கும் பொடி ஈ வேறு இனம். அது அரிப்பைத் தரும், இந்தப் புண்ணைத் தராது. சந்தேகப் புண்ணோடு அரசாங்கத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், சுரண்டிப் பார்த்து உறுதிசெய்து புண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு ஆற்றுவார்கள்.

இன்னும் நீண்ட கடிகாரம் யானைக்கால் நோய்க்கு. ஒரு கடியில் வருவதல்ல அது. ஆண்டுக்கணக்கான நுளம்புக் கடிகளில் சேர்வது. புத்தளம் உட்பட எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் எல்லோருக்கும் குளிசை கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்த நோய் நீங்கியதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது.

திகதியும் இடமும்

இந்தக் கரைக்கு நுளம்பு கற்பித்த மிகக் கொடிய பாடம் 1934 இல். மழை பொய்த்து, சிலாபத்தில் கடலைச் சேரும் தெதுறு ஓயாவும் புத்தளம் மாவட்டத்தின் தென்னெல்லையான மா ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாயின. வெயில் படும் தெளிந்த குட்டைநீர் மலேரியா நுளம்புக்கு உகந்தது. 1935 இல் மலேரியாக் கொள்ளைநோய் அடங்கும்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருந்தார்கள். 1963 இல் மலேரியா நாடு முழுவதும் 17 நோயாளராகக் குறைந்தது. கட்டுப்பாட்டு வேலையைக் கைவிட்டதும் அந்தப் பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்கில் திரும்பியது. நோய் ஒழிக்கப்படுமுன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், வில்பத்துக்கு வடக்கே மன்னாரில், கிணற்று நீரில் பெருகும் இந்திய நகர மலேரியா நுளம்பு முதன்முறை அகப்பட்டது.

கிருமி போய்விட்டது, நுளம்பு போகவில்லை. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பிய ஒருவரின் இரத்தத்தில் கிருமி இருந்து, அவரை இங்குள்ள நுளம்பு கடித்தால் பழைய கதை தொடங்கலாம். அதைத் தடுப்பது வைத்தியர் கேட்கும் ஒரு கேள்வி: கடந்த மாதங்களில் எங்கே போனீர்கள்? அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீக்கத்தைக் காட்டுவதோடு நிற்காதீர்கள். கடித்த நாள், நேரம், அப்போது வாடியிலா வயலிலா காட்டிலா இருந்தீர்கள், உடனே வலித்ததா பிறகு அரித்ததா, காய்ச்சல் எத்தனையாவது நாள், வெளிநாடு போய்வந்தது எப்போது என்பவற்றைச் சொல்லுங்கள். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை. இவ்வளவும் தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பது வைத்தியருக்குத் தெரியும்.